சோற்றில் நஞ்சு: யார் பொறுப்பு?

உணவில் கலக்கும் நஞ்சைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உழைப்பாளி மக்களுக்கு உபதேசம் கிடைக்கிறது. காய்கறியைக் கழுவுங்கள், நல்ல கடையாகப் பார்த்து வாங்குங்கள் என்கிறார்கள். கழுவுவது நல்லதுதான். ஆனால் அன்றாடக் கூலியில் அரைக்கிலோ பருப்பு வாங்கும் பெண்ணின் தலையில் பழியைச் சுமத்திவிட்டு, நஞ்சு எந்த வழியாக வந்தது என்று கேளாமல் விடுவது என்ன நியாயம்?

1958-ம் ஆண்டில் கேரளத்தில் நடந்ததை நினைவூட்டுகிறோம். கோதுமை மாவுப் பண்டங்களைத் தின்றவர்கள் சுருண்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிந்து மாவில் கலந்துவிட்டது. மாவைக் கழுவியா தின்ன முடியும்?

இச்சாவுகளுக்குப் பின் 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1971-ல் அதற்கான விதிகள் வந்தன. உணவுப் பொருளோடு ஒட்டும்படி பூச்சிமருந்தை ஏற்றவோ சேமிக்கவோ கூடாது என்று விதி சொல்கிறது. காலி டப்பாக்களை மறுபடி பயன்படுத்த இடம் கொடாமல் அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிகள்தான். நடந்தது என்ன?

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு தின்ற குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்ததைச் சோதனை காட்டியது. சமைத்த பெண்ணும் நோயுற்றார். கேரளத்துக்கும் பீகாருக்கும் இடையே 55 ஆண்டுகள். சட்டம் இருந்தது, உணவையும் நஞ்சையும் பிரித்து வைக்கும் ஏற்பாடுதான் இல்லை. தனி லாரி, தனிக் கிடங்கு, தனி ஆள் என்றால் செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடிப்பவர் ஒருவர். உயிரைக் கொடுப்பவர் வேறொருவர்.

நஞ்சை முதலில் காண்பவர் யார்? மருந்தடிக்கும் விவசாயத் தொழிலாளி. நாற்றமடிக்கும் மூட்டையை முதுகில் தூக்கும் சுமைதூக்கும் தொழிலாளி. எண்ணெய் ஆலையில் பூஞ்சை பிடித்த நிலக்கடலையை அள்ளிக் கொட்டும் தொழிலாளி. அந்தப் பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. இவர்கள் வாய் திறந்தால் என்ன ஆகிறது? "உன் வேலையைப் பார்" என்கிறான் மேஸ்திரி. மறுநாள் வேலை இல்லை. தொழிலாளியின் வாயை அடைத்துவிட்டு ஊரின் உணவைக் காக்க முடியாது என்கிறோம் நாம்.

ஆகவே நாம் கோருவது இவை. உணவையும் பூச்சிமருந்தையும் ஒன்றாக ஏற்றும் முதலாளியின் லைசென்ஸைப் பறிக்க வேண்டும். காலி டப்பாக்களை விற்ற கம்பெனியே திரும்பப் பெற வேண்டும். கெட்ட சரக்கைத் தொட மறுக்கும் தொழிலாளிக்கு அன்றைய கூலியும் வேலையும் உறுதியாக வேண்டும். ரேஷன் கடை, பள்ளிச் சமையலறை, ஆலைக் காண்டீன் மூன்றிலும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை வாசலில் ஒட்ட வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கவும் வேண்டாம். மருந்து டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ மொள்ளும் வழக்கம் நம் குடிசைகளிலும் உண்டு. சங்கக் கிளைகள் வீடு வீடாகச் சென்று அதை நிறுத்த வேண்டும். கெட்ட மூட்டை வந்தால் ஒருவர் தனியாகச் சொல்ல வேண்டாம், சங்கமாகச் சொல்லுங்கள். தனி ஆளை விரட்டலாம். சங்கத்தை விரட்ட முடியாது.

விளைவிப்பதும் சுமப்பதும் சமைப்பதும் நம் கை. அந்தச் சோறு நஞ்சில்லாமல் நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரவேண்டும். இது யாரிடமும் கேட்கும் சலுகை அல்ல, நமது உரிமை!