பாக் சே-ரியின் வெள்ளைப் பாதங்கள்

கோல்ஃப் என்றால் எங்களுக்குத் தெரிந்தது நுவரெலியா ரவுனுக்கு நடுவில கிடக்கிற பச்சைப் புல்வெளி மட்டும்தான். இருந்தும் தென்கொரியாவின் பாக் சே-ரியைப் பற்றி எழுத நினைத்தோம். அவர் வென்ற கிண்ணங்களை விட, அவரை வைத்து ஒரு நாடு சொன்ன கதைதான் எங்களை இழுத்தது. அதே கதை எங்கட வீடுகளிலயும் வேற பேரில ஓடிக்கொண்டிருக்கு.

1998 ஜூலை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், கோலர் என்ற சின்ன ஊரில் யூ.எஸ். பெண்கள் ஓப்பன் போட்டி. நான்கு நாள் ஆடி முடிய பாக் சே-ரியும் ஜெனி சுவாசிரிபோனும் சமநிலை. இரண்டு பேருக்கும் வயது 20. பாக் தொழில்முறை வீராங்கனை. ஜெனி காசுக்கு ஆடாத பல்கலைக்கழக மாணவி, தாய்லாந்தில் இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் மகள். அன்றைய விதிப்படி திங்கட்கிழமை திரும்பவும் 18 குழிகள் ஆட வேண்டும். அதிலும் கடைசிக் குழியில் பாக் அடித்த பந்து குளத்துக் கரைச் சரிவில், தண்ணீருக்குச் சற்று மேலே புல்லுக்குள் போய்ச் சிக்கியது. ஒரு அடியை அபராதமாக ஏற்றுக்கொண்டு பந்தை வேறு இடத்தில் வைத்திருக்கலாம். பாக் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிப்போட்டு, தண்ணிக்குள்ள இறங்கி நின்று பந்தை வெளியே அடித்தார். அந்தக் குழி முடியவும் இருவரும் சமன். மேலும் இரண்டு குழிகள் ஆடித்தான் வென்றார்.

அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். கால் வெயிலில் கறுத்துப்போயிருக்கும். சொக்ஸ் மறைத்த பாதம் மட்டும் வெள்ளை வெளேரென்று தெரியும். ஒரு பிள்ளை எத்தனை மணித்தியாலம் வெயிலில் நின்றிருந்தால் இப்படி ஒரு கோடு விழும்?

கொரியா அப்ப இருந்த நிலையை எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1997 நவம்பரில் நாடு ஐ.எம்.எஃப். இடம் கடனுக்குப் போனது. கொம்பனிகள் வரிசையாக விழுந்தன, ஆட்கள் வேலை இழந்தார்கள். சனங்கள் கலியாண மோதிரம் வரைக்கும் கழற்றிக் கொடுத்து 200 தொன்னுக்கும் மேல் தங்கம் சேர்ந்தது. அந்த நேரத்தில்தான் ரி.வி.யில் இந்த வெறுங்கால். பிறகு அதைப் பொதுநல விளம்பரமாகவே திரும்பத் திரும்பப் போட்டார்கள். சேற்றில் இறங்கினால் கரையேறலாம் என்பதுதான் செய்தி.

ஆறுதல் தேவைப்பட்ட சனங்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கொம்பனிகளையும் வங்கிகளையும் கடனில் தாட்டது அந்த இருபது வயசுப் பிள்ளை இல்லையே. அவ ஏன் அதைத் தூக்க வேண்டும்? அதே வருடக் கடைசியில் நாட்டுக்குத் திரும்பினவரை வரவேற்பு, விருது, விருந்து என்று இழுத்துத் திரிந்து, களைத்து விழுந்து ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கமரா அங்கேயும் போனது.

கதையின் மற்றப் பாதி தகப்பன். மகளுக்கு கோல்ஃப் பழக்கியது அவர்தான். இரவில் சுடலையில் பயிற்சி, மாடிக்கட்டிடத்துப் படிகளில் ஏறி இறங்க வைத்தது என்று பத்திரிகைகள் சொல்லிக்கொண்டே இருந்தன. அதில் எவ்வளவு உப்பும் புளியும் சேர்த்தார்களோ, அதை ஒரு வெற்றியின் சமையல் குறிப்பு மாதிரிச் சொன்னதுதான் எங்களுக்கு உறுத்துது. விளைவும் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டு மகளின் பையைத் தூக்கிக்கொண்டு மைதானம் மைதானமாகத் திரிகிற தகப்பன்மார் கொரியாவில் ஒரு கூட்டமாகவே உருவானார்கள்.

அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள் வென்றார்கள், அதை மறைக்க ஏலாது. 1998 இறுதி ஆட்டத்தைச் சிறுமியாக ரி.வி.யில் பார்த்த பாக் இன்-பீ, பத்து வருடம் கழித்து அதே யூ.எஸ். ஓப்பனை வென்றார். அமெரிக்கச் சுற்றில் கொரியப் பெண்கள் பத்துப் பத்தாகப் பெருகினார்கள். (2008 இல் அந்தச் சுற்றை நடத்தும் எல்.பி.ஜி.ஏ., ஆங்கிலம் கதைக்கத் தெரியாத வீராங்கனைகளை இடைநிறுத்துவோம் என்று ஒரு விதி கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் சில வாரத்தில் கைவிட்டது. தோற்கும்வரை யாரும் உங்கட மொழியைக் கேட்பதில்லைப் போல.)

பாக் சே-ரியின் ஆட்டத்தை எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். 2004 இல் ஒரு வெற்றியோடு கீர்த்தி மண்டபத்துக்குத் தேவையான புள்ளிகள் சேர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு ஆட்டம் உடைந்தது. 2005 இல் காயத்தோடு ஒதுங்கினார். திரும்பி வந்து 2006 இல் எல்.பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப்பில், கரி வெப்புடன் சமநிலை முறிக்கும் குழியில், 200 யார் தூரத்தில் இருந்து அடித்த பந்து குழிக்குச் சில அங்குலம் பக்கத்தில் போய் நின்றது. எங்களைக் கேட்டால் அவரின் ஆகச் சிறந்த அடி இதுதான், தண்ணிக்குள்ள நின்று அடித்தது இல்லை. ஓய்வெடுத்துத் திரும்பினவரின் அடி இது. இதை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. இளையவர்களுக்கு அவர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னதும் ஓய்வெடுக்கப் பழகுங்கள் என்றுதான்.

தோற்ற ஜெனி? கொஞ்சக் காலம் தொழில்முறையாக ஆடிப் பார்த்தார், சரிவரவில்லை. கோல்ஃபை விட்டுத் தாதிப் படிப்புப் படித்துத் தாதியானார். ஒரு திங்கட்கிழமையை வைத்து அவரின் வாழ்க்கையை யாரும் அளக்காமல் விட்டதே அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

பாக் 25 எல்.பி.ஜி.ஏ. வெற்றிகள், அதில் ஐந்து மேஜர்களோடு 2016 இல் விடைபெற்றார். எட்டு வருடம் கழித்து, 2024 ஜூனில், சியோலில் செய்தியாளர்களுக்கு முன்னால் கண்கலங்கி நின்றார். அவரின் அறக்கட்டளையின் முத்திரையைப் போலியாகப் பயன்படுத்தியதாகத் தகப்பன் மேல் அந்த அறக்கட்டளையே முறைப்பாடு செய்திருந்தது. தகப்பனின் கடன்களைத் தான் பல வருடமாகக் கட்டி வந்ததாகவும் இனி ஏலாது என்றும் சொன்னார்.

எங்கட ஊரென்றால் இதற்கு ஒரே பேர்: நன்றிகெட்ட பிள்ளை. "உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டம்" என்று தொடங்கும் பேச்சை ரியூசன் காசில் இருந்து கலியாணம் வரைக்கும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கடனுக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை, தவணையும் இல்லை, எப்ப முடியுமென்று சொல்லவும் ஆளில்லை. பாக் சே-ரி 46 வயதில், அத்தனை கமராவுக்கு முன்னால், தன் பக்கத்துக் கணக்கை முடித்தார். தண்ணிக்குள்ள இறங்கினதைவிட இதற்குத்தான் கூடத் துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறோம்.