கணக்கும் வேதமல்ல

மழையைப் பற்றிக் கணிப்பொறி சொல்லும் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது என்கின்றோம். விஞ்ஞானத்தின்மீது வெறுப்பா என்று கேட்கலாம். அல்ல, அதனிடமுள்ள மதிப்பினாலேயே சொல்லுகின்றோம்.

மண்ணின் ஈரம் ஆவியாகி மழைக்கு உதவுகிறது என்பது மெய்யே. ஆனால் அந்த மழை விழுவது எங்கே? பணக்காரனிடமே பணம் சேருவதுபோல், ஈர நிலத்திலேயே மேலும் மழை விழும் என்று உலகக் காலநிலைக் கணக்குகள் காட்டி வந்தன.

2012-ல் விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு ஆறு கண்டங்களில் பிற்பகல் மழையைச் சோதித்தார்கள். கண்டதோ நேர்மாறு! சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்த நிலத்தின்மேலேயே மழை அதிகம் விழுந்தது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பிரதேசத்தில் இது மிகத் தெளிவு. காய்ந்த மண் அதிகம் சுடுகிறது. அதன்மேல் காற்று எழும்புகிறது. பக்கத்து ஈரக்காற்று அங்கே பாய்ந்து மேகமாகிறது. கணக்கோ பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, கட்டத்துக்குள் அடங்கும் மேகத்துக்கு உத்தேச விதியொன்றை வைத்துக்கொள்ளுகிறது. கோளாறு அங்கேதான் என்று கருதப்படுகிறது.

இது வெறும் ஏட்டு விவகாரமா? சாஹேலில் வானத்தையே நம்பிக் கம்பு விதைக்கும் குடியானவனுக்கு, வறட்சியை மிகைப்படுத்திக் காட்டும் கணக்கினால் என்ன பிரயோசனம்?

மழைக்கு யாகம் செய்கிறவன், மழை பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவம் என்பான். விஞ்ஞானியோ தன் கணக்கின் தப்பைத் தானே வெளியிட்டுத் திருத்த முற்படுகிறான். பகுத்தறிவு என்பது இதுதான்.