தேர்வறை நடுக்கம்

“சட்டம் பயில ஆசைதான், ஆனால் நுழைவுத் தேர்வை நினைத்தாலே கைகால் நடுங்குகிறதே!” என்று கூறும் மாணவர் நம்மிடையே உளர். இதைக் கோழைத்தனம் என்று நகைப்பவர்களும் உண்டு. தமக்கு ஆற்றல் இல்லை என்று தாமே முடிவுகட்டி ஒதுங்கிவிடுபவர்களும் உண்டு. இரு சாராரும் தவறாகவே எண்ணுகின்றனர் என்பது என் கருத்து.

1891இல் பாரிஸ்டராகி நாடு திரும்பிய காந்தியடிகள், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதன்முதலாக வாதாட எழுந்தார். தலை சுழன்றது, நா எழவில்லை. சாட்சியிடம் ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய முப்பது ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வழக்கறிஞரை அமர்த்துமாறு சொல்லிவிட்டார். அவரே 1922இல், அகமதாபாத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றபோது, ஆங்கிலேய நீதிபதியின் முன் தம் கருத்தை அஞ்சாமல் எடுத்துரைத்தார். இடையில் அவர் பெற்றது புதிய மூளையா? இல்லை; பழக்கமும் பயிற்சியுமே!

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆகவே நம்மை மருட்டும் தேர்வைச் சற்று வெளிச்சத்தில் பார்ப்போம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பிற்கான ‘கிளாட்’ தேர்வில் 120 வினாக்கள். நேரம் 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். விடாமல் விட்ட வினாவுக்கு இழப்பு என்று ஒன்றும் இல்லை என்பதை மறந்து, தெரியாத ஒன்றுடன் பத்து நிமிடம் மல்லுக்கு நிற்பவரே தோற்கிறார். சட்டப் பகுதிக்கு முன்னரே சட்டம் படித்திருக்க வேண்டியதும் இல்லை. கொடுக்கப்பட்ட பத்தியைப் படித்துச் சிந்தித்தால் போதும்.

அப்படியாயின் நடுக்கம் ஏன்? தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்வுக்குப் பொதுப்பிரிவினர் செலுத்திய கட்டணம் 4,000 ரூபாய். கூலி வேலை செய்யும் தந்தையிடம் அத்தொகையை வாங்கிக்கொண்டு தேர்வறைக்குள் நுழையும் பிள்ளையின் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? “பயப்படாதே” என்ற வெறும் உபதேசம் அவனுக்குப் பயன்படாது.

பயன்படுவது ஒத்திகையே. தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடக்கிறது. உண்ட மயக்கம் தலைதூக்கும் நேரம். நாமோ இரவில் கண்விழித்துப் படிக்கிறோம்! தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை அதே நேரத்தில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, பழைய வினாத்தாளுக்கு விடையெழுதிப் பழக வேண்டும். நாள்தோறும் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தை ஒரே மூச்சில் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரு தோழனுக்குச் சொல்ல வேண்டும். தேர்வறையில் படபடப்பு வந்தால் எழுதுகோலைக் கீழே வைத்து, மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிட வேண்டும். நான்கைந்து முறை செய்தால் நெஞ்சின் வேகம் தணியும். இதற்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான் செலவு. நடுக்கம் அடியோடு அற்றுப்போகும் என்று நான் கூறவில்லை. அது நம்மை ஆளாதிருந்தால் போதும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நகரத்துப் பிள்ளைகள் இவ்வொத்திகையைப் பணம் கொடுத்துப் பெறுகின்றனர். நம் கல்லூரியில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பறையை இரண்டு மணி நேரம் திறந்துவைத்து, மணியடித்துத் தாள் கொடுத்து, மணியடித்துத் தாள் வாங்கினால் போதும். பெரும் செலவொன்றும் இல்லை. நாளை நீதிமன்றத்தில் ஏழைக்காக எழுந்து நிற்க வேண்டிய குரல், இன்று ஒரு தேர்வறையின் வாசலிலேயே அடங்கிவிடலாமா?