அணியறிந்த பிள்ளைக்கு ஆங்கிலக் கவிதை அயலாகுமோ?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாகக் கொண்ட மாணவன் ஒருவனது கொப்பியை அண்மையிற் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. சிமிலி, மெற்றபர், பேர்சனிபிக்கேசன், ஐரனி என ஏறத்தாழ நாற்பது சொற்கள் அதில் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இலக்கணம், ஓர் உதாரணம். அனைத்தையும் பிழையின்றி ஒப்புவித்தான். "மெற்றபர் என்பது நீ தமிழ்ப் பாடத்திற் படித்த உருவகந்தானே, தம்பி?" என்று கேட்டேன். திகைத்து நின்றான்.

அவனை நோவதிற் பயனில்லை. இரு பாடங்களுக்கும் நடுவே மதில் எழுப்பியவர்கள் நாமே. தமிழாசிரியர் அணியிலக்கணம் கற்பித்து வெளியேற, ஆங்கில ஆசிரியர் உட்புகுந்து அதே பொருளை என்றுமே கேட்டிராத புதுமைபோலத் தொடங்குகின்றார். மாணவனும், 'இது பட்டணத்துப் பிள்ளைகளின் பாடம், நமக்கு இதில் முதலொன்றும் இல்லை' என்று எண்ணி மனனத்தில் இறங்கிவிடுகின்றான்.

முதல் இல்லையா? தொல்காப்பியத்தில் உவமைக்கென ஓர் இயலே உண்டு. தண்டியலங்காரம் பொருளணிகள் 35ஐ வகுத்துரைக்கின்றது. அதற்கு மூலமான வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவியே சிங்களத்திற் சியபஸ்லகர என்னும் அணிநூல் எழுந்தது. ஆதலால் கம்பளைக் கடைத்தெருவில் எதிர்ப்படும் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் இது பாட்டன் தேடிய பொதுச்சொத்து. கம்பளை இராசதானியாய் விளங்கிய 14ஆம் நூற்றாண்டில், இங்கிருந்து தென்கோடித் தெவிநுவரைக்கு மயிலொன்றைத் தூதனுப்புவதாக மயூர சந்தேசம் பாடப்பட்டது. நெஞ்சையும் தமிழையும் தூதுவிட்ட மரபு நம்முடையது. கேளாப் பொருளை விளித்துப் பேசுதலை ஆங்கிலேயர் அப்பொஸ்ரபி என்றால், அதற்கு நாம் ஏன் மிரளவேண்டும்?

எனினும், தமிழ்ப் பெயரை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று கூறேன். உவமையும் உருவகமும் எளிதிற் பொருந்தும். இடர்ப்பாடு ஐரனியில் வருகின்றது. சேக்சுபியரின் யூலியசு சீசர் நாடகத்தில் அன்ரனி புரூட்டசை மதிப்புக்குரியவன் என மீண்டும் மீண்டும் புகழ்ந்தே பழிக்கின்றான். அது வஞ்சப்புகழ்ச்சிக்குள் அடங்கும். ஆனால் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் தன் சிலம்பைக் காட்டுகின்றானே! நாம் அறிந்ததை அவன் அறியான். இதுவும் ஐரனிதான், இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயர் செல்லாது. அதே காப்பியத்தில் மதுரை மதிற்கொடிகள் காற்றில் அசைவதை, 'வாரற்க' என்று கைகாட்டுவதாகப் புலவர் காண்கிறார். நாம் அதனைத் தற்குறிப்பேற்றம் என்று கொண்டாடுகிறோம். இயற்கைமேல் மனித உணர்ச்சியை ஏற்றுவதை யோன் ரஸ்கின் 1856இல் ஒருவகைப் பொய்மை என்றே பெயரிட்டார். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல; ஆயினும் ஒரு மரபு அணி என்பதை ஒட்டிய ஒன்றை மற்றொன்று ஐயுறுகின்றது. ஒரு பாடவேளை முழுவதும் விவாதிக்கத்தக்க விடயம் இது. கொப்பியில் இதற்கு ஒரு வரியே கிடைத்திருந்தது.

தமிழைக் கலந்தால் ஆங்கிலம் கெடும் என்பார் உளர். விடையை ஆங்கிலத்திலேயே எழுதட்டும். விளங்கிக்கொள்வது எம்மொழியில் நிகழ்ந்தாலென்ன? ஆண்டின் தொடக்கத்தில் இரு ஆசிரியரும் சில வேளைகள் ஒரே வகுப்பில் நின்று கற்பித்தல் அரிதன்று. கவிதையை முதலில் வாசித்துப் பெயரைப் பின்னர் சூட்டுக. தேயிலைத் தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திற் பாடி 1954இல் நூலாக்கிய மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையிலிருந்தே தொடங்கலாமே. அவர் பாடிய தேயிலை மலைகளைக் கம்பளைப் பிள்ளைக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அன்று அம்மாணவனும் நானும் அந்த நாற்பது சொற்களில் அவன் தமிழில் முன்னரே அறிந்தவை எத்தனையென எண்ணத் தொடங்கினோம். பத்தைத் தாண்டியதும் கொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மீதியைத் தானே பார்ப்பதாகச் சொன்னான்.