ஸ்கோன் நமக்கு வராது என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு பெண், வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் செய்து ஆர்டருக்குக் கொடுக்கலாம் என்று சீட்டுப் பணத்தில் ஓடிஜி வாங்கினார். வீடியோ பார்த்து ஸ்கோன் செய்தார். மூன்று முறையும் கல். இப்போது ஓடிஜி பரணில் இருக்கிறது. கேட்டால், "நமக்கு இதெல்லாம் வராது டீச்சர்" என்கிறார்.

இந்த வாக்கியத்தை வகுப்பறையில் 35 வருடம் கேட்டவள் நான். "கணக்கு எனக்கு வராது டீச்சர்" என்று அழும் பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்தால், கடன் வாங்கிக் கழிப்பதில் ஒரே ஒரு படி விட்டுப்போயிருக்கும். அதை யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அதிரசம் எண்ணெயில் உதிர்ந்தால் "பாகு பதம் தப்பிவிட்டது" என்கிறோம். "அதிரசம் நம் கைக்கு வராது" என்று சட்டியைப் பரணில் போடுகிறோமா? ஸ்கோனுக்கும் பதம்தான் கணக்கு. அந்த வீடியோக்கள் நம் ஊருக்கான பதத்தைச் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

ஸ்கோன் தெரியாதவர்களுக்கு: ஈஸ்ட் போடாத, பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் நிற்கும் பண்டம். பிட்டால் உள்ளே மெத்தென்று, ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும்.

முதல் விஷயம் வெண்ணெய். குளிர்ந்த வெண்ணெய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சொல்பவரின் சமையலறை 20 டிகிரி. தாம்பரத்தில் மே மாதம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, போன் அடிக்கிறதே என்று போய்விட்டு வந்தால் வெண்ணெய் குழைந்திருக்கும். சின்னச் சின்னத் துண்டுகளாக மாவுக்குள் இருந்தால்தான், அடுப்பின் சூட்டில் அது உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி, மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். முன்பே உருகிவிட்டால் நெய் பிஸ்கட் மாதிரி படுத்துவிடும். அதனால் வெண்ணெயை ஃப்ரீசரில் வையுங்கள். மாவையும் பாத்திரத்தோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கேரட் துருவியில் வெண்ணெயைத் துருவி, விரல் நுனியால் மட்டும் கலந்துவிடுங்கள். உள்ளங்கை சூடு, அது படக் கூடாது.

இரண்டாவது, நம் கைப்பழக்கம். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை சும்மா இருக்காது. புரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைகிறாரே, அந்த இழுவை வருவதற்குத்தான். ஸ்கோனுக்கு அந்த இழுவைதான் எதிரி. மோர் ஊற்றியதும் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினால் போதும். மாவு திட்டுத்திட்டாக, கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். பயந்துபோய் இன்னும் மைதா போடாதீர்கள். அந்த ஈரம்தான் வெந்தபின் மென்மை.

அளவு: மைதா 250 கிராம், வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், கெட்டியான புளித்த மோர் 150 மில்லி. புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயு கிளம்பும் என்று பிள்ளைகளுக்கு நடத்திய பாடம்தான். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். மழைக்காலத்தில் மாவே ஈரம் இழுத்திருக்கும், மோரைக் கொஞ்சம் குறையுங்கள். பேக்கிங் பவுடரும் நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் செத்துவிடும். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டால் பொங்க வேண்டும், பொங்காவிட்டால் குப்பைக்கு.

மாவை 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, ஓரம் கூர்மையான டம்ளரால் நேராக அழுத்தி எடுங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒருபக்கமாகச் சாயும். தட்டில் நெருக்கமாக அடுக்கி, நன்றாகச் சூடேறிய ஓடிஜியில் 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். எடுத்தவுடன் சுத்தமான வேட்டித் துணியில் மூடிவைத்தால் மேல்தோல் காயாது.

ஓடிஜி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஸ்கோன் பிறந்தது ஸ்காட்லாந்தில். அங்கே ஆதியில் அதை அடுப்புக்குள் வைக்கவில்லை, இரும்புக் கல்லில்தான் சுட்டார்கள். சாட்சாத் நம் தோசைக்கல்! பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடர் கண்டுபிடித்ததே 1843இல்தான், மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால். அதன் பிறகுதான் இந்த உயரமான ஸ்கோன். நம் கிறிஸ்தவக் கல்லூரி கூட ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1837இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்து, 1937இல் தாம்பரம் வந்ததுதான். அவர்கள் ஊர்ப் பலகாரம் நமக்கு அவ்வளவு அந்நியமா என்ன! கனமான கல்லில், ஒரு விரல்கனத்துக்கும் குறைவாகத் தட்டி, சின்ன தீயில் மூடி போட்டு, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம்.

மைதா கெடுதல் என்று பின்னூட்டம் வரும், தெரியும். தினமும் தின்னச் சொல்லவில்லை. பாதி கோதுமை மாவு போடலாம், மோர் இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் பிடிக்கும், கொஞ்சம் கனமாகத்தான் வரும். ரெடி மிக்ஸ் பாக்கெட் மட்டும் வேண்டாம். வீட்டில் இருக்கும் சாமானுக்கு ஏன் இரட்டை விலை?

ஆர்டருக்குச் செய்ய நினைப்பவர்கள் அன்று சுட்டதை அன்றே கொடுத்துவிடுங்கள். மறுநாளுக்கு மிஞ்சினால் வீட்டுக்கு வைத்துக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, கல்லில் மூடிபோட்டுச் சூடாக்கிச் சாப்பிடலாம். கேழ்வரகு மாவு கலந்து யாராவது செய்து பார்த்திருந்தால் எவ்வளவு மோர் பிடித்தது என்று எழுதுங்கள்.