எட்டு மணி நேர மணம்

ஏற்காட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்றைக்கு வீட்டுக்காரர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. பேங்க் கிளார்க் என்றதுமே அதில் அவருக்குத் திருப்தி. அவர் கேட்டது வேறு. "சார், கறி கிறி சமைக்கிற பழக்கம் உண்டா?" கேள்வி கறியைப் பற்றியது இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எப்பவாச்சும் கோழி சார்" என்றேன். கோழிக்குப் பின்னால் நான் பன்றியை ஒளித்து வைத்தேன். பன்றிக்குப் பின்னால் என் சேரியை ஒளித்து வைத்தேன்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கி, கட்டைப்பையின் அடியில் போட்டு, மேலே இரண்டு கீரைக்கட்டை வைத்து மாடி ஏறுவேன். ஜன்னலைச் சாத்தியாகும். பிரஷர் குக்கரில் ஆறு விசில், ஊதுபத்தி ரெண்டு. அரை மணி நேரத்தில் சமையலும் முடிந்தது, தடயமும் அழிந்தது. சாதி ஒழிப்பு பற்றிக் கவிதை எழுதுகிறவனின் சமையலறை இந்த லட்சணத்தில் இருந்தது.

போன வருஷம் சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பிய தோழர் ஒருவர் ஸ்லோ குக்கர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கரண்டில் ஓடுகிற பீங்கான் சட்டி. தளதளவென்று கொதிக்க விடாமல் சிறு சூட்டிலேயே வைத்து எட்டு மணி நேரம் வேகவைக்கும். "மெக்சிகோவுல பொசோலேன்னு ஒரு கறிக்கொழம்பு இருக்கு, பன்னிக்கறியும் மக்காச்சோளமும். இதுல வச்சிப் பாருங்க தோழர், வேலையே இல்ல" என்றார்.

வேலை இல்லைதான். கொழுப்பும் எலும்புமாகத் தோள்பட்டைக் கறி ஒரு கிலோ. காய்ந்த மக்காச்சோளம் கால் கிலோவை முந்தின நாளே ஊறப்போட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் கரைத்த தண்ணீரில் வேகவைத்து, தோல் கழலத் தேய்த்து, நாலைந்து தண்ணீர் மாற்றி அலச வேண்டும். வரமிளகாய் பத்துப் பன்னிரண்டை வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டு, வெங்காயம், சீரகத்தோடு அரைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, உப்பும் மூழ்கத் தண்ணீரும் விட்டு மூடினால் முடிந்தது. தின்னும்போது எலுமிச்சை பிழிந்து, நறுக்கின முட்டைக்கோசும் முள்ளங்கியும் மேலே தூவிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுண்ணாம்பு சாதாரண விஷயமில்லை. மெக்சிகோவின் பூர்வகுடிகள் கண்டறிந்த அறிவு அது. சுண்ணாம்பில் வெந்தால்தான் சோளத்திலிருக்கும் நியாசின் சத்து உடம்புக்குக் கிடைக்கும். சோளத்தை எடுத்துக்கொண்டு இந்த அறிவை விட்டுவிட்டுப் போன ஐரோப்பாவில், சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகள் பெல்லாக்ரா நோயில் செத்தார்கள். அடிமைப்பட்டவன் சமையலில் விஞ்ஞானம் இருக்கும் என்று எஜமானனுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் சட்டியை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. விசில் சத்தம் வராது, சரி. மணம் வருமே. அரை மணி நேரக் கறியை ஊதுபத்தியால் மறைக்கலாம். எட்டு மணி நேரக் கறியை எதைக் கொளுத்தி மறைப்பது? மெதுவாக வேகிற சட்டியிடம் ரகசியம் தங்காது.

என் பெரியம்மா காபி எஸ்டேட் லயனில் இருந்தவர். சனிக்கிழமை ராத்திரி சமையல் முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடி, மேலே மண்சட்டியை ஏற்றிவிடுவார். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பே லேசில் வேகாது. "ராத்திரி பூரா கெடக்கட்டும் கண்ணு, எலும்பத் தானா விட்டுரும்" என்பார். மலை மிளகு, பூண்டு, உப்பு, அவ்வளவுதான். விடியும்போது லயன் முழுக்க மணக்கும். யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்துவதற்கு அங்கே ஜன்னலும் இல்லை. படித்து, பரீட்சை எழுதி, ஜன்னல் உள்ள வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சாத்தக் கற்றுக்கொண்டேன்.

அதே கறி விடுதி மேசைக்குப் போனால் 'போர்க்' ஆகிவிடுகிறது. போர்க் என்றால் நாகரிகம், பன்னி என்றால் அசிங்கம். ஒரே மிருகத்துக்கு இரண்டு சாதி! பன்றி சாக்கடையில் மேய்கிறதே என்பார்கள். அந்தச் சாக்கடையைத் தெருவில் ஓடவிட்டது யார்? அதில் ஒரு சாதியை இறக்கிவிட்டது யார்? காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகமே வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறது. நல்ல தீனி போட்டு வளர்த்து, முழுசாக வேகவைத்தால் நாடாப்புழுவுக்கும் பயப்பட வேண்டியதில்லை. சுகாதாரம் பேசுகிறவர்களுக்கு இந்தப் பதில் போதும். சுகாதாரத்தின் பேரால் தீட்டைப் பேசுகிறவர்களுக்கு எந்தப் பதிலும் போதாது.

'எங்கள் மரபான சுத்த சைவச் சாப்பாடு' என்கிறார்களே, அந்தச் சாம்பாரில் கிடக்கும் மிளகாயும் தக்காளியும் எந்த ஊர்? அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் விளைவித்தவை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில்தான் மிளகாய் இங்கே வந்து இறங்கியது. அதே நூற்றாண்டில்தான் ஸ்பானியர் பன்றியை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். ஃபில்டர் காபி மட்டும் என்ன, வேதகாலத்ததா? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820களில் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த செடி அது. நேற்று வந்த மிளகாய் பூசையறைக்குள் போய்விட்டது. சங்க காலத்துப் பன்றி மட்டும் சேரியிலேயே நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், குழியில் நிறுத்திக் கொழுக்க வளர்த்த ஆண்பன்றியின் கறி பாணனுக்கு விருந்தாக வருகிறது. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் கண்ணப்பன் பன்றிக்கறியைச் சுட்டு, கடித்து ருசி பார்த்துச் சிவனுக்கு வைக்கிறான். சிவகோசரியார் அதை அள்ளி எறிந்துவிட்டுத் தீட்டுக் கழிக்கிறார். சிவனுக்குப் பிடித்தது எது என்பது கதை கேட்ட எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எப்படி ஐயா சைவம் என்ற சொல்லுக்குக் கறி தின்னாமை என்று அர்த்தம் வந்தது?

இதுவரை எதிரியிடம் பேசியாயிற்று. இனி நமக்குள்ளே பேச வேண்டும் தோழர்களே.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் இறைச்சியை விடச் சொன்னாரே என்று சிலர் கேட்கிறார்கள். அவர் விடச் சொன்னது செத்த மாட்டுக் கறியை. ஊர் எறிந்ததை எடுத்துத் தின்னும் நிலையை. உழைத்த காசில் அறுத்த கறியை வாங்கி, நம் வீட்டு அடுப்பில் சமைப்பது அதற்கு எதிரானதல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு மேல்சாதிக்காரன் மாதிரி ஆவதையே விடுதலை என்று நினைத்தால் நாம் ஏமாந்தோம்.

இன்னொன்று இதைவிடக் கசப்பானது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நான் கல்லூரி மாணவன். விடுதியில் நம்ம பசங்களே "நாங்க பன்னி திங்கிற ஆளுங்க இல்ல" என்று பேசினதைக் காதால் கேட்டேன். பன்றி தின்று வளர்ந்த நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம் தலையில் வைத்த அளவுகோலை வாங்கி, நமக்குக் கீழே ஒருவனைத் தேடி அளக்கிறோம். நம் பயிற்சி முகாம்களின் சாப்பாட்டையும் பாருங்கள். "எல்லாரும் சாப்பிடணுமே" என்று தக்காளி சாதம், மிஞ்சிப் போனால் கோழி பிரியாணி. அந்த 'எல்லாரும்' யார்? பன்றி தின்கிற தோழர் அதில் உண்டா? வேண்டாதவர்கள் தின்ன வேண்டாம், இஸ்லாமியத் தோழர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனிச் சட்டியில் வேறு சமைப்போம். ஆனால் பந்தியில் பன்றிக்கறிக்கும் ஒரு சட்டி இருக்கட்டும். உண்ணாமல் இருப்பது ஒருவரின் உரிமை. அடுத்தவர் இலையைப் பார்த்து மூக்கைப் பொத்துவது சாதி.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்காரர் மேலே வந்தார்.

"என்ன சார், காலைலேர்ந்து ஒரே வாசன?"

கோழி என்று சொல்ல வாய் வந்தது. பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன்.

"பன்னிக்கறி சார். இன்னும் ஒரு மணி நேரம் வேகணும். சாப்பிடுறீங்களா?"

அவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். சாயங்காலம் போனில் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார். பையனுக்குக் கல்யாணம் பேசுறோம். வீடு வேணும்."

கறி நன்றாக வெந்திருந்தது. எலும்பைத் தானாகவே விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தின்றேன். இப்போது வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம் அந்தக் கேள்வி வருகிறது. "சமைப்பேன் சார், பன்னிக்கறியும் சமைப்பேன்" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை வீடு கிடைக்கவில்லை.