கோல்விட்ஸ் வரைந்த கை

கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 1914-இல் பெல்ஜியப் போர்க்களத்தில் மடிந்த அவருடைய இளைய மகன் பீட்டரை நினைவுகூர்ந்து, அவர் தீட்டிய சித்திரங்கள் அனைத்தையும் புத்திரசோகத்தில் ஆழ்ந்த ஒரு தாயின் கண்ணீராகவே கண்டு உருகுவது கலாரசிகர்களிடையே வழக்கமாகிவிட்டது. அந்தச் சோகம் மெய்யானதே. எனினும், 1933-இல் அவர் கரியால் வரைந்து, இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் சுயசித்திரத்தையும் அந்த ஒரு கண்கொண்டே நோக்குவது அநீதி என்று கருதுகிறேன்.

பழுப்புக் காகிதத்தின் வலப்புறத்தில் பக்கவாட்டில் தெரியும் முகத்தையும், இடப்புறத்தில் கரித்துண்டைப் பற்றியிருக்கும் விரல்களையும் நிதானமாகத் தீட்டியவர், அவ்விரண்டையும் இணைக்கும் கையை மட்டும், கரியைப் படுக்கவைத்து அழுத்தி மேலும் கீழுமாக இழுத்த முரட்டுக் கோடுகளாகவே விட்டுவிட்டார். அங்கே சதையில்லை, சட்டையின் மடிப்பில்லை. வேகம் ஒன்றுதான் இருக்கிறது. எக்ஸ்பிரஷனிஸக் குழுக்களில் சேராத அவர், அந்த மரபின் ஆவேசம் முழுவதையும் அந்த ஒரு கையில் இறக்கியிருக்கிறார்.

அது எந்த ஆண்டு என்பதை மறந்துவிட்டு அக்கோடுகளைப் படிக்க இயலாது. ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்த தருணத்தில், நாஜிகளை எதிர்க்கத் தொழிலாளர் கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்ற அறிக்கையில் கையொப்பமிட்டதற்காக, 1919-இல் தம்மை உறுப்பினராக ஏற்றுப் பேராசிரியர் பட்டமும் அளித்த பிரஷ்யக் கலைக் கழகத்தை விட்டு அவர் விலக நேர்ந்தது. கண்காட்சிகளின் கதவுகளும் பின்னர் ஒவ்வொன்றாக அடைபட்டன. சமூகச் சூழலைத் தேடுவது கலையை விட்டு வெளியே செல்வதாகும் என்று வாதிப்போர், அந்தச் சூழல் இந்தக் கைக்குள்ளேயே இருப்பதைக் காணட்டும். வடக்கு பெர்லினின் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த கணவர் கார்லிடம் வந்துபோன பெண்களின் காய்த்த கரங்களையும், அதற்கும் முன்னே ‘நெசவாளர்’ என்ற தம் சித்திர வரிசையில் இறுகிய முஷ்டிகளையும் வரைந்தவர், முதுமையில், தொழில் செய்யும் உரிமையே பறிபோகும் காலத்தில், அத்தகைய உழைப்பாளியின் கையைத் தமக்கே வரைந்துகொண்டார் என்பது என் துணிபு.

இச்சித்திரத்தைப் பிரசுரிக்கும் பத்திரிகைகள் இடம் போதாமை கருதி முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கையை நீக்கிவிட்டால், முதிய மாது ஒருத்தி எதையோ எண்ணி ஏங்குவதாகத்தான் தோன்றுமேயன்றி, அவர் வேலையில் ஈடுபட்டிருக்கிறார் என்பதே வாசகருக்குத் தெரியாமற் போய்விடும்.